வாரக் கூட்டமும் வந்து பேசுவாரும்

பொதுநலக் கழகம் என்றதும் நம்மவருட் பலரது மனக்கண்முன் தோன்றுவது யாது? நகரத்துப் பெரிய விடுதியொன்றில் மதிய போசனம், கோட்டணிந்த கனவான்கள், மேசைமீது ஒரு மணி, அடுத்த வாரப் பத்திரிகையில் ஒரு புகைப்படம். உண்டு கலையுங் கூட்டம் என ஏளனஞ் செய்வாரும் உளர். அவ்வேளனத்தில் நியாயம் சிறிதும் இல்லையென்று நாம் கூறமாட்டோம். ஆயினும், வெவ்வேறு தொழில் செய்வோர் குறித்த நாளில், குறித்த வேளையில் ஒருங்குகூடி, வெளியாரொருவர் கூறுவதை அமைதியாகக் கேட்டல் என்னும் வழக்கத்தைச் சற்றே நின்று நோக்குதல் தகும்.

இவ்வழக்கம் வேரூன்றிய கதை சுவையானது. 1905ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆந் திகதி, அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரில், போல் ஹாரிஸ் என்னும் சட்டத்தரணி நண்பர் மூவருடன் கூடிப் பேசினார். ஒருவர் நிலக்கரி வியாபாரி; ஒருவர் சுரங்கப் பொறியியலாளர்; மற்றவர் தையற்கடை வணிகர். பொறியியலாளரின் காரியாலய அறையே அன்று சபா மண்டபமாயிற்று. ஹாரிஸ் சிற்றூரொன்றில் வளர்ந்தவர். சிற்றூரில் யாவரும் யாவரையும் அறிவர். பெருநகரிலோ அயலறையில் இருப்பவரும் அந்நியர். அந்தத் தனிமையே கழகத்துக்கு வித்தாயிற்று. கூட்டம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவருடைய தொழிலகத்திலே சுழன்று சுழன்று நடைபெற்றமையால் ‘றோட்டரி’ என்ற பெயர் வாய்த்தது. ஒரு தொழிலுக்கு ஓர் அங்கத்தவர் என்பது அக்காலத்து விதி.

தொடக்கத்தில் ஒருவர்க்கொருவர் வியாபாரந் தேடிக் கொடுத்தலும் அவர்தம் நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. பொதுப்பணி பின்னரே வந்தது. சிக்காகோ நகர மண்டபத்துக்கு அண்மையில் பொது மலசலகூடம் அமைப்பிக்க 1907இல் தொடங்கிய முயற்சியே அவர்களது முதற் பெரும் பொதுப்பணி. கேட்போர் நகைக்கலாம், பண்டம் வாங்கவென்று நகரத்துக்கு வந்து அல்லற்பட்ட பெண்மணிகள் நகைத்திருக்க மாட்டார்கள்.

இக்கழகம் கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்தது 1929இல். கனடா நாட்டிலிருந்து புறப்பட்ட ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர் 1928 முதல் 1931 வரை கீழ்த்திசை நாடெங்கும் பயணஞ் செய்து பல நகரங்களிற் கழகங்களை நிறுவினார். கொழும்புக் கழகமும் அவ்வாறு எழுந்தவற்றுள் ஒன்று. பின்னர் யாழ்ப்பாணம் உள்ளிட்ட வேறு நகரங்களும் தமக்கெனக் கழகங்களைக் கண்டன.

வாரக் கூட்டத்தின் ஒழுங்கு யாதெனில்: அக்கிராசனர் மணியடித்துத் தொடக்கிவைப்பார், வேற்றூர்க் கழகத்திலிருந்து வந்த விருந்தினர் அறிமுகஞ் செய்யப்படுவர், காரியதரிசி அறிவித்தல்களை வாசிப்பார். பிறந்தநாள் கொண்டாடுவோரும் பிந்தி வந்தோரும் சிறுதொகை கொடுத்துத் தப்புவதும் பல கழகங்களில் உண்டு. அதன்பின் சொற்பொழிவு. பெரும்பாலும் இருபது நிமிடம். அதற்கு மேற் போகாது. குறித்த நேரத்தில் மீண்டும் மணி ஒலிக்கும்; கடைக்காரர் கடைக்கும் வைத்தியர் வைத்தியசாலைக்கும் திரும்புவர். புதிதாகச் சேர்ந்த அங்கத்தவர் ஒருநாள் தம் தொழிலைப்பற்றியே பேசும் வழக்கமும் இதில் உண்டு. அச்சகத்தார் அச்சுக்கோத்தலைப்பற்றிப் பேசுவார். வங்கி முகாமையாளர் கடன் கொடுக்கும் விதத்தை விளக்குவார். பிற தொழிலின் உள்ளிருப்பை அறிதற்கு இதனினும் எளிய வழியை நாம் கண்டதில்லை.

வந்து பேசுபவர் ஒருவரால் ஒரு சங்கத்தின் போக்கே மாறக்கூடும் என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். லயன்ஸ் கழகம் 1917இல் மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் தோன்றிய மற்றொரு சேவைச் சங்கம். அதன் மகாநாடு 1925ஆம் ஆண்டு யூன் மாதம் ஒகாயோ மாநிலத்துச் சீடர் பொயின்ற் என்னும் இடத்திற் கூடியபோது, ஹெலன் கெல்லர் அம்மையார் பேச அழைக்கப்பட்டார். பத்தொன்பது மாதக் குழந்தையாயிருக்கையிற் பார்வையும் செவிப்புலனும் இழந்து, பின்னர் கல்வியிற் பட்டம் பெற்றவர் அவர். பார்வையற்றோரின் துயர்தீர்க்கும் வீரராக நீங்கள் முன்வருதல் ஆகாதா என்று அவர் சபையை நேராகவே கேட்டார். சபையார் கைதட்டியதோடு நின்றுவிடவில்லை. அப்பணி அன்றுதொட்டு அச்சங்கத்தின் தலையாய பணியாயிற்று. ஐந்தாண்டு கழித்து, 1930இல், இல்லினோய் மாநிலத்துப் பியோறியா நகர்க் கழகத்தார், பார்வையற்றவர் தெருவைக் கடக்கும்போது வாகனமோட்டிகள் தெளிவாகக் காணும்பொருட்டு வெள்ளைக்கோலை நடைமுறைக்குக் கொணர்ந்தனர். கொழும்புத் தெருவில் அத்தகைய கோலொன்றைக் காணும்போது அந்தச் சொற்பொழிவை நினைத்தல் பொருந்தும். அவ்வம்மையாரின் சொல்லை ஏற்ற அந்தச் சங்கம் மகளிரை அங்கத்தவராகச் சேர்க்க இசைந்ததோ 1987இலேதான்! றோட்டரிச் சங்கமும் தன் விதியை 1989இலேயே திருத்திற்று. கேட்கும் செவி இருந்தும் கதவு திறக்க இத்தனை காலஞ் சென்றது வியப்பே.

அதே 1925ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கல்கத்தா றோட்டரிக் கழகத்திலே காந்தியடிகள் பேசினார். ஐரோப்பிய வர்த்தகர் பலர் அமர்ந்திருந்த சபை அது. அவர் எடுத்துக்கொண்ட பொருளோ இராட்டினம்! சீமைத்துணி வாணிகத்தோடு தொடர்புடைய நகரத்தில், வணிகர் மத்தியில், கைநூற்பின் பொருளாதாரப் பயனையும் அறப்பயனையும் அவர் எடுத்துரைத்தார். கேட்டோர் அனைவரும் மனம் மாறினர் என்று நாம் சொல்ல வரவில்லை. தமக்கு உவப்பில்லாததைச் சொல்லவல்ல ஒருவரை அழைத்து முன்னிருத்திக் கேட்டனரே, அதுவே நாம் கருதத்தக்கது. நம் சங்கங்களில் அழைக்கப்படுவோர் யாவர்? சபையார் ஏற்கெனவே நம்புவதைச் சற்றே உரத்த குரலிற் கூறுபவரே பெரும்பாலும் அழைக்கப்படுகின்றனர்.

இன்னொரு குறையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. நம் மேடைகளில் வரவேற்புரை இருபது நிமிடம், அறிமுகவுரை பதினைந்து நிமிடம், பொன்னாடை போர்த்தலும் மாலை சூட்டலும் பத்து நிமிடம். அதன்பின் வெளியூரிலிருந்து வந்த பேச்சாளரை நோக்கி, நேரம் போதாமையாற் சுருக்கமாகப் பேசுமாறு காரியதரிசி துண்டுச் சீட்டு அனுப்புவார். இக்காட்சியைக் கல்லூரி மண்டபங்களிலும் ஆலய முன்றல்களிலும் நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். மணியோடு வந்த அந்தக் கட்டுப்பாட்டை நம்மவர் கைக்கொண்டால், பேச்சாளர் பிழைப்பார், கேட்போரும் பிழைப்பர்.

வாரந்தோறும் என்னும் விதியும் இப்போது தளர்ந்துவிட்டது. மாதம் இருமுறையேனும் கூடினாற் போதும் எனக் கழகங்களுக்கு 2016இல் இடமளிக்கப்பட்டது. தொழில் நெருக்கடியும் போக்குவரத்தும் குடும்பப் பொறுப்பும் காரணங்கள். அவற்றைக் குறைகூறுதல் தகாது. எனினும் அடுத்த வாரம் மீண்டும் முகம் பார்க்க வேண்டும் என்பதனாலன்றோ மனிதர் வாக்கைக் காப்பாற்றுகின்றனர்? 1985இல் றோட்டரிச் சங்கம் இளம்பிள்ளைவாதத்தை உலகினின்றும் ஒழிக்க முனைந்தபோது, சொட்டுமருந்து நாட்களில் தொண்டர் பலரை உடனே திரட்ட முடிந்தது. கைத்தொலைபேசி பரவாத அக்காலத்தில், ஒழுங்காகக் கூடிய கழகங்கள் அதற்கு எவ்வளவு உதவியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அரசாங்கச் சுகாதாரப் பகுதியினரின் உழைப்பே இதில் முதன்மை பெறும் என்பதையும் சொல்ல வேண்டும். இலங்கையில் 1993க்குப் பின் அந்நோய் காணப்படவில்லை. தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் அதனின்று நீங்கியதாக 2014இல் அறிவிக்கப்பட்டது.

விடுதிப் போசனமும் சந்தாவும் நம் கிராமத்தவர்க்கு எட்டாதவை. ஆனால் வாசிகசாலை இல்லாத ஊர் வடபகுதியில் அரிது. சனசமூக நிலையங்களும் உள. நாளிதழ் விரித்த அந்த மேசையைச் சுற்றி வாரத்தில் ஒரு மாலை கூடலாம். ஊர்ப் பெரியாரையும் உத்தியோகத்தரையுமே தேடாது, ஊரிலுள்ள தொழிலாளர் ஒவ்வொருவரையும் முறைவைத்து அழைக்கலாம்: தாதி, தபாற்காரர், புகையிலைச் செய்கையாளர், கரைவலை இழுப்பவர், பேருந்துச் சாரதி. மாணவர் மன்றங்களும் இதனைச் செய்தல் நன்று. வாதம் புரியக் கற்பிக்கும் நாம் கேட்கக் கற்பிப்பது குறைவு.

முதலிற் கிணறு வெட்டுபவரை அழைக்கலாம் என்பது எம் யோசனை. குடாநாட்டுக்கு ஆறில்லை; சுண்ணாம்புக்கல்லின் உள்ளே தேங்கும் மழைநீரையே நாம் உண்கின்றோம். எவ்வாழத்தில் நன்னீர் முடிந்து உவர் தொடங்குகிறது, எந்தக் கிணறு எந்த மாதத்தில் மாறுகிறது என்பன அவர் கையால் அறிந்தவை. வயலிலிடும் உரமும் மலக்குழிக் கழிவும் அதே நீரிற் கலக்கின்றன. அதனை விளக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அடுத்த வாரம் வரவழைக்கலாம். பொன்னாடை வேண்டியதில்லை. ஒரு கோப்பை தேநீர், இருபது நிமிடம், வினாக்களுக்குப் பத்து நிமிடம்; மணி இல்லையெனில் சுவர்க் கடிகாரம் போதும்.