இயற்கைக் கதிரியக்கமும் இருவகை எதிர்மறையும்

‘இல்லை’ என்பதும் ‘காணப்படவில்லை’ என்பதும் ஒருபொருட் சொற்கள் அல்ல. முன்னது பொருளின் இன்மையைக் குறிக்கும். பின்னது செயப்பாட்டு வினையாதலின், காண்போரையும் அவர்தம் கருவியின் எல்லையையும் உள்ளடக்கி நிற்கும். இயற்கைக் கதிரியக்கம் மிகுந்த நிலத்தில் வாழ்வோரின் உடல்நலம் பற்றித் தமிழில் எழுதுவோர், இவ்விரண்டனையும் மயங்கக் கூறுதல் உண்டு. அம்மயக்கத்தால் விளையும் பிழையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும், கேரளத்தில் கொல்லத்தை அடுத்த சவறா, கருநாகப்பள்ளிப் பகுதிகளிலும் கடற்கரை மணலில் மோனசைட்டு என்னும் கனிமம் கலந்துள்ளது. 1909ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் செருமானிய வேதியலார் மணவாளக்குறிச்சி மணலில் இதனைக் கண்டறிந்தார். மோனசைட்டில் தோரியம் உண்டு. தோரியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். ஆகவே, நெய்தல் நில மாந்தர் அங்குக் குடில் அமைக்கும் முன்னரே அம்மண் கதிர் வீசிக்கொண்டிருந்தது என்க.

தோரியமும் அதன் வழித்தோன்றல்களும் வெளியிடும் காமாக் கதிர்கள் உடலின் உயிரணுக்களை ஊடுருவி, அவற்றின் மரபுப் பொருளைச் சிதைக்க வல்லன. உயிரணு பெரும்பாலும் அச்சிதைவைத் தானே செப்பனிட்டுக் கொள்ளும். செப்பம் பிழைப்பின் பின்னாளில் புற்றுநோய் தோன்றலாம். ஒருங்கே பெற்ற மிகுகதிர் புற்றுநோயைப் பெருக்கும் என்பது 1945இல் இரோசிமா, நாகசாகி நகரங்களில் உயிர் தப்பியோரை ஆராய்ந்து நிறுவப்பட்ட உண்மை. சிறிது சிறிதாக வாழ்நாள் முழுதும் பெறும் கதிர் யாது செய்யும் என்பதே ஈண்டு வினா.

உலக மக்கள் இயற்கையிலிருந்து பெறும் கதிர் ஆண்டிற்குச் சராசரி 2.4 மில்லி சீவர்ட். கருநாகப்பள்ளியின் சில இடங்களிலோ, வீட்டின் புறத்தே ஆண்டிற்கு 70 மில்லி கிரே வரை அளக்கப்பட்டுள்ளது. அங்கு 69,958 பேரைச் சராசரி பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து, 2005ஆம் ஆண்டின் இறுதிவரை நேர்ந்த 1,379 புற்றுநோய்களை ஆராய்ந்தனர். காமாக் கதிரின் அளவு மிகுந்தோரிடையே புற்றுநோய் மிகுதியாகக் காணப்படவில்லை என்பது 2009இல் வெளியான முடிபு.

இதனைத் ‘தீங்கு இல்லை’ என மொழிவது பொருந்துமா? பொருந்தாது. மிகுகதிர் பெற்றோர் தொகை சிறிது. குருதிப் புற்றுநோயாளர் முப்பதின்மரே. புகையிலை முதலிய பிற காரணங்கள் விளைக்கும் நோயின் நடுவே, சிறு மிகுதி ஒன்று இருப்பினும் அது மறைந்துவிடக் கூடும். மேலும், பிரான்சு, பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் அணுத்தொழிலாளர் மூன்று இலட்சத்தினரைப் பற்றி 2023இல் வெளியான ஆய்வு, சிறுகச் சிறுகப் பெற்ற கதிரும் புற்றுநோய் இறப்பை உயர்த்துவதாகக் கூறுகின்றது.

எனவே, ‘மணலே நோய்க்கெல்லாம் காரணம்’ என்பாரும், ‘மணலால் யாதொரு கேடும் இல்லை’ என்பாரும் சான்றின் எல்லையைக் கடந்தோரே ஆவர். இருப்பின் அது சிறிது, ஆயின் இல்லை எனத் துணிதற்கு இயலாது என்பதே இன்று சான்று தரும் விடை. அக்கரையில் வாழ்வோர் தம் நிலத்தைப் பற்றி எண்ணித் துணிதற்கு இவ்விடையே வேண்டுவது. அச்சமும் அன்று, ஆறுதலும் அன்று. அறிவியலைத் தமிழில் தருவோர்க்கு எதிர்மறைச் சொல்லாட்சியில் விழிப்பு வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.