மதிலுக்குள் எத்தனை பேர்?

குரோஷியா நாட்டின் தென்கோடியில், அட்ரியாட்டிக் கடலோரம் அமைந்துள்ளது டுப்ரோவ்னிக். ஏறத்தாழ 1,940 மீட்டர் நீளக் கல்மதில் சூழ்ந்த அந்தப் பழைய துறைமுக நகரம், 1979-ஆம் ஆண்டிலேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு கோடையில் நானும் என் மனைவியும் அங்கு சென்றிருந்தோம். முற்பகல் பத்து மணிக்கு மேற்கு வாயிலில் நின்றபோது, உள்ளே நுழைவதற்கே கால் மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது.

மதிலுக்குள் ஒரு பழைய வீட்டின் மாடியில் அறை எடுத்திருந்தோம். சாவியைத் தந்த மூதாட்டி அந்த வீட்டில்தான் பிறந்தவர். ஆனால், இப்போது அதைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, நகருக்கு வெளியே மகனோடு வசிக்கிறார். "குளிர்காலத்தில் இந்தச் சந்தில் இரண்டு வீடுகளில்தான் விளக்கு எரியும்" என்றார். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. எல்லோரும் அறிந்த செய்தியாகச் சொன்னார்.

1991-இல் குரோஷிய விடுதலைப் போரின்போது இந்நகரம் முற்றுகையிடப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 6-ஆம் நாள் நடந்த குண்டுவீச்சில் பழைய நகரம் பெரும் சேதமடைந்தது. பின்னர் அது செப்பனிடப்பட்டு, 1998-இல் யுனெஸ்கோவின் அபாயப் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டது. போருக்கு முன் மதிலுக்குள் சுமார் 5,000 பேர் வாழ்ந்தனர். அண்மைக் கணக்குகள் ஏறத்தாழ 1,500 பேர் என்கின்றன. பீரங்கிகளுக்கு அஞ்சி ஊரைவிட்டுப் போகாதவர்களின் பிள்ளைகளை, பெட்டியை உருட்டிக்கொண்டு வந்த நாங்கள் வெளியேற்றிக் கொண்டிருக்கிறோம்.

பல ஆண்டுகள் வகுப்பறையில் நான் கற்பித்த 'புறவிளைவு' என்னும் கருத்து இதுதான். பயணி தன் விமானச் சீட்டுக்கும் அறைக்கும் உணவுக்கும் விலை கொடுக்கிறார். ஆனால், தன் வருகையால் பிறருக்கு நேரும் நெரிசலுக்கு அவர் எதுவும் கொடுப்பதில்லை. வீட்டு உரிமையாளரோ, உள்ளூர்க் குடும்பம் தரும் வாடகையைவிடப் பயணிகளால் வரும் வருவாய் அதிகம் என்பதால் அதைத் தேர்ந்தெடுக்கிறார். தனித்தனியே பார்த்தால் எவர் செய்வதும் தவறில்லை. ஆனால், குடியிருப்போர் குறைந்தால் மளிகைக் கடை நினைவுப்பொருள் கடையாகிறது. அது மூடப்பட்டதும் எஞ்சியிருப்போரும் வெளியேறுகின்றனர். இறுதியில், எதைக் காண மக்கள் வருகிறார்களோ அந்த ஊரே காட்சிப்பொருளாகிவிடுகிறது.

சொகுசுக் கப்பல்கள் இதைக் கடுமையாக்கின. கப்பல் பயணி உறங்குவதும் பெரும்பாலும் உண்பதும் கப்பலில்தான். சில மணி நேரம் மட்டுமே நகரில் இருப்பார். ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் இறங்குவார்கள். எனவே, 2019 முதல் ஒரே நேரத்தில் இரண்டு கப்பல்கள், மொத்தம் 4,000 பயணிகள் என்று நகர நிர்வாகம் வரம்பு விதித்தது. கப்பல்கள் வரும் நேரமும் மாற்றியமைக்கப்பட்டது.

சுற்றுலாவை நம்பி வாழும் ஊர் விருந்தினரை எண்ணி அனுமதிப்பது தற்கொலைக்கு ஒப்பாகாதா என்று கேட்கலாம். இதற்கான விடை அந்நகரின் வரலாற்றிலேயே இருக்கிறது.

அன்று ரகூசா என்று பெயர் பெற்றிருந்த அது, கடல் வாணிகத்தால் செழித்த ஒரு சிறிய குடியரசு. கொள்ளைநோய் ஐரோப்பாவை வாட்டிய காலத்தில் அதன்முன் இரண்டு வழிகள் இருந்தன. துறைமுகத்தை மூடினால் பட்டினி, திறந்துவிட்டால் சாவு. 1377-இல் அதன் பெருமன்றம் மூன்றாவது வழியைக் கண்டது. நோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர் அருகிலுள்ள தீவிலோ சிற்றூரிலோ ஒரு மாதம் தங்கிய பிறகே நகருக்குள் வரலாம் என்று ஆணையிட்டது. உலக வரலாற்றில் பதிவான முதல் தனிமைப்படுத்தல் சட்டங்களுள் அது ஒன்று. அதனால் வாணிகம் அழிந்துவிடவில்லை. அடுத்த இரு நூற்றாண்டுகளே ரகூசாவின் பொற்காலம்.

அந்தச் சட்டம் விலையால் வடிகட்டவில்லை, காலத்தால் வடிகட்டியது என்பது கவனிக்கத்தக்கது. நுழைவுக் கட்டணத்தை உயர்த்திக் கூட்டத்தைக் குறைப்பது எளிது. ஆனால், அது நகரைச் செல்வர்களின் தோட்டமாக்கிவிடும். எண்ணிக்கைக்கும் நேரத்துக்கும் வரம்பு கட்டினால், ஏழைப் பயணிக்கும் இடமுண்டு; ஊருக்கும் மூச்சு விட இடமுண்டு.

எனினும், கப்பல்களுக்கு விதித்த வரம்பு பகல்நேர நெரிசலைத்தான் குறைக்கும். வீடுகளை மீட்டுத் தராது. குடியிருப்போருக்கு வாடகைக்கு விடுவது உரிமையாளருக்கு இழப்பாகாதபடி வரிச்சலுகையும், பயணியர் விடுதியாக மாறும் வீடுகளுக்குக் கட்டுப்பாடும் சேர்ந்து வந்தால்தான் மதிலுக்குள் குடும்பங்கள் திரும்பும். 2020-இல் பெருந்தொற்று பயணிகளின் வரவை நிறுத்தியபோது, ஒரே தொழிலை நம்பிய ஊரின் நிலை என்ன என்பதும் தெரிந்தது.

புறப்படும் நாளில், கிழக்கு வாயிலுக்கு வெளியே இன்றும் நிற்கும் பழைய தனிமைப்படுத்தல் கூடங்களைப் பார்த்துவிட்டு வந்து, சாவியை மூதாட்டியிடம் ஒப்படைத்தேன். சுற்றுலாவின் வெற்றியை வருகையாளர் எண்ணிக்கையால் அளப்பதே நம் வழக்கம். அந்தச் சந்தில் குளிர்கால இரவில் மூன்றாவது விளக்கு எரிகிறதா என்பதே சரியான அளவுகோல் என்று எனக்குத் தோன்றியது.