புகைக்கூடத்துக்கு எந்த சென்சார்?

குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஷீட் காய நாலைந்து நாள் ஆகும். முதல் நாள் 40 டிகிரியை ஒட்டி வைத்து, பிறகு மெல்ல ஏற்றி, 60-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாண்டினால் ஷீட்டில் கொப்புளம் விழும். தரம் இறங்கும், விலையும் இறங்கும். உள்ளே எவ்வளவு சூடு என்று சொல்ல ஒரு சென்சார் வேண்டும். எதை வாங்குவது?

கடையில் பெரும்பாலும் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று தெர்மோகப்பிள். இரு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் இணைத்திருப்பார்கள். சூடேறினால் துளி மின்னழுத்தம் பிறக்கும். இதில் 'கே' வகை 1,000 டிகிரிக்கு மேலும் தாங்கும். மற்றது பிடி-100, பிளாட்டினக் கம்பி. அதன் மின்தடை 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம்.

அதிகம் தாங்குவதுதான் உசத்தி என்று 'கே' வகையைக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. செங்கல் சூளைக்கு அது சரி. நமக்கோ எல்லை 60. சாதாரண 'கே' வகை இரண்டரை டிகிரி வரை பிசகலாம். பிடி-100-இல் சாதாரண 'பி' தரமே அந்தச் சூட்டில் 0.6 டிகிரிக்குள் நிற்கும்.

வகை சரியாக அமைந்தாலும் எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. சென்சார் அறையின் சூட்டைக் காட்டுகிறது என்று நினைக்கிறோம். அது காட்டுவது தன் நுனியின் சூட்டை மட்டுமே. சூடான டீயில் கரண்டியின் நுனியை மட்டும் தொட்டு வைத்தால், உள்ளே வருகிற சூடு பிடி வழியே வெளியேறிக்கொண்டே இருக்கும். சுவரைத் துளைத்து ஓர் அங்குலம் மட்டும் நீட்டிய சென்சாரும் அப்படித்தான்: உள்ளே 62 இருக்க, 57 என்று காட்டும். நாம் இன்னும் விறகு போடுவோம். புகைக்குழாய்க்கு நேரே மாட்டினால் தலைகீழ். குழாயின் அனல் பட்டுக் கூட்டிக் காட்டும். ஷீட் தொங்கும் உயரத்தில், அனல் நேரே படாத இடமே சரி.

சென்சாரின் உறைக்கு எஸ்.எஸ். 316 என்ற துருப்பிடிக்காத எஃகு போதும். ரப்பர் பாலில் அம்மோனியா கலக்கும் ஆலையாக இருந்தால் பித்தளை நட்டு வேண்டாம். அம்மோனியா பட்டால் பித்தளையில் விரிசல் விழும். ஒயர் நீளமானால் மூன்று ஒயர் பிடி-100 கேளுங்கள். ஒயரின் தடை 0.4 ஓம் கூடினாலே ஒரு டிகிரி தப்பாகிவிடும்.

கடைக்குப் போகுமுன் சுவரின் கனத்தை அளந்துகொள்ளுங்கள். 6 மி.மீ. தடிமனுள்ள சென்சார், சுவரைத் தாண்டி உள்ளே குறைந்தது 60 மி.மீ. நீண்டிருக்க வேண்டும், புகையும் காற்றும் உள்ள இடத்தில் அதைவிடக் கூடுதலாக.