ஐக்கிய இராச்சியத்தில் மிதிவண்டிக் கொள்கை

ஐக்கிய இராச்சியத்தில் மிதிவண்டிக் கொள்கை என்பது, அந்நாட்டில் மிதிவண்டிப் பயணம் தொடர்பாக நடுவண் அரசும் உள்ளூராட்சி மன்றங்களும் எடுத்த முடிவுகளையும், அம்முடிவுகளுக்குப் பின்னால் இருந்த அரசியல்வாதிகளின் மனப்பாங்கையும் குறிக்கும். மிதிவண்டியை வெளிப்படையாக எதிர்த்த அமைச்சர்கள் மிகச் சிலரே. பெரும்பாலானோர் அதனைப் புகழ்ந்தனர். ஆனால் சாலையில் இடமும் வரவு செலவுத் திட்டத்தில் பணமும் ஒதுக்கத் தயங்கினர். போக்குவரத்து இன்று பெருமளவு பகிர்ந்தளிக்கப்பட்ட அதிகாரம் என்பதால், இக்கட்டுரை முதன்மையாக இங்கிலாந்தைப் பற்றியது.

முதல் பாதை

1934 டிசம்பரில் இலண்டனின் மேற்கே, வெஸ்டேர்ன் அவென்யூ நெடுஞ்சாலையின் ஓரமாக ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமான மிதிவண்டிப் பாதையை அப்போதைய போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிசா திறந்து வைத்தார். இதனைக் கடுமையாக எதிர்த்தவர்கள் மிதிவண்டிக் கழகத்தினரே என்பது வியப்பானது. தனிப்பாதை கிடைத்தால் பொதுச் சாலையைப் பயன்படுத்தும் உரிமை பறிபோய்விடும் என்று அவர்கள் அஞ்சினர். ஓட்டுநர் தேர்வும், குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 மைல் வேக வரம்பும் இவர் பதவிக் காலத்திலேயே நடைமுறைக்கு வந்தன.

தானுந்துக் காலம்

1949ல் பிரித்தானியாவில் மிதிவண்டிகள் ஓடிய மொத்தத் தொலைவு ஏறத்தாழ 2,400 கோடி கிலோமீட்டர். 1973ல் அது 400 கோடிக்கும் கீழே சென்றது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பெயர்பெற்ற ராலி மிதிவண்டிகள் நொட்டிங்காம் நகரில் உருவாகிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான், அவற்றைச் செய்த நாட்டு மக்கள் தானுந்துக்கு மாறிக்கொண்டிருந்தனர்.

மக்களின் வருமானம் உயர்ந்தது இதற்கு ஒரு காரணம். அரசின் தெரிவு மற்றொன்று. 1959 முதல் 1964 வரை போக்குவரத்து அமைச்சராக இருந்த ஏர்னஸ்ட் மார்பிள்ஸ், எம்1 விரைவுச் சாலையைத் திறந்து வைத்தவர். சாலை அமைக்கும் நிறுவனம் ஒன்றில் அவருக்குப் பெரும்பங்கு இருந்தது. அப்பங்குகளை விற்றுவிடுவதாக 1960ல் அவர் நாடாளுமன்றத்தில் விளக்கம் அளிக்க நேர்ந்தது. அவர் பணித்ததன் பேரில் 1963ல் வெளியான புக்கானன் அறிக்கை, நகரங்களில் பெருகும் தானுந்துகளுக்கு எவ்வாறு இடமளிப்பது என்பதையே ஆராய்ந்தது. மிதிவண்டிக்கு அதில் கிடைத்த இடம் மிகச் சிறிது.

இதே காலத்தில் ஸ்டீவனேஜ் புதுநகரில் பொறியாளர் எரிக் கிளாக்ஸ்டன் தனிப்பாதைகளின் முழுமையான வலையமைப்பு ஒன்றை உருவாக்கினார். ஆயினும் அந்நகரில் தானுந்து ஓட்டுவதும் மிக எளிதாக இருந்ததால் பெரும்பாலானோர் தானுந்தையே நாடினர். பாதைகளை அமைத்தால் மட்டும் போதாது என்பதற்கு இந்நகரம் இன்றும் சான்றாகக் காட்டப்படுகிறது.

"சாலை வரி" வாதம்

மிதிவண்டிக்காரர்கள் சாலை வரி செலுத்துவதில்லை, எனவே சாலையில் அவர்களுக்கு உரிமை குறைவு என்பது பிரித்தானிய அரசியலில் அடிக்கடி எழும் வாதம். சாலைகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட வரி ஒரு காலத்தில் இருந்தது உண்மையே. 1926ல் நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சேர்ச்சில் அந்நிதியில் கைவைக்கத் தொடங்கினார். 1937ல் அந்த ஒதுக்கீடு முற்றிலும் முடிவுக்கு வந்தது. அதன்பின் பல பத்தாண்டுகளாகச் சாலைகளுக்கான செலவு, மிதிவண்டிக்காரர் உட்பட அனைவரும் செலுத்தும் பொது வரிகளிலிருந்தே வந்தது. வாதம் மட்டும் மறையவில்லை.

இலக்குகளும் கைவிடல்களும்

1996ல் பழமைவாதக் கட்சி அரசு தேசிய மிதிவண்டி உத்தியை வெளியிட்டது. அப்போதைய போக்குவரத்து அமைச்சர் சர் ஜோர்ஜ் யங், தாமே மிதிவண்டியில் பயணிப்பவர். 2002க்குள் மிதிவண்டிப் பயணங்களை இரு மடங்காகவும் 2012க்குள் நான்கு மடங்காகவும் உயர்த்துவது இலக்கு. அடுத்து வந்த தொழிற்கட்சி அரசு 2000ல் இதனை 2010க்குள் மூன்று மடங்கு என மாற்றியது. 2004ல் தேசிய இலக்கையே கைவிட்டு, பொறுப்பை உள்ளூராட்சி மன்றங்களிடம் விட்டது. 2005ல் தொடங்கப்பட்ட "சைக்கிளிங் இங்கிலாந்து" அமைப்பு, செலவுக் குறைப்பின் பேரில் 2011ல் மூடப்பட்டது.

இலக்கை அறிவிப்பவர் நடுவண் அமைச்சர். பெரும்பாலான சாலைகளை நிர்வகிப்பதோ உள்ளூராட்சி மன்றம். ஒரு தெருவில் வாகன நிறுத்துமிடம் பறிபோனால் அங்கு வாழ்வோர் மறுநாளே உறுப்பினரைத் தேடி வருவர். பாதையின் பயன் தெரிய ஆண்டுகள் ஆகும். அதற்குள் தேர்தல் வந்துவிடும். பயன்பெறுவோரில் பலர் பாதை அமைந்த பின்னரே மிதிவண்டி ஓட்டத் தொடங்குவர் என்பதால், முடிவெடுக்கும் வேளையில் ஆதரவுக் குரல் மெலிதாகவே ஒலிக்கும்.

இலண்டன்

இலண்டனின் முதல் மேயரான கென் லிவிங்ஸ்டன் 2003 பெப்ரவரியில் நகர மையத்துக்குள் நுழையும் தானுந்துகளுக்கு நெரிசல் கட்டணத்தை அறிமுகப்படுத்தினார். வாடகை மிதிவண்டித் திட்டத்தையும் "அதிவேக மிதிவண்டிச் சாலை" எனப்பட்ட தடங்களையும் 2008ல் அறிவித்தவரும் அவரே. அவ்வாண்டு மே மாதம் அவர் தோல்வியுற்றதால் 2010ல் இரண்டையும் தொடங்கி வைக்கும் வாய்ப்பு பொரிஸ் ஜோன்சனுக்குக் கிடைத்தது. மக்களும் அவ்வண்டிகளைப் "பொரிஸ் வண்டி" என்றே அழைத்தனர்.

முதல் தடங்கள் பெரும்பாலும் சாலையில் பூசப்பட்ட நீல வண்ணமே அன்றி வேறில்லை. 2011ல் போ சந்திப்பில் இருவர் கனரக வாகனங்களில் சிக்கி உயிரிழந்தனர். நீலப் பட்டை பொய்யான பாதுகாப்பு உணர்வைத் தருகிறது என 2013ல் மரண விசாரணை அதிகாரி ஒருவர் எச்சரித்தார். அவ்வாண்டு நவம்பரில் இரு வாரங்களுக்குள் ஆறு மிதிவண்டிக்காரர்கள் இலண்டன் சாலைகளில் இறந்தனர். அவ்வாண்டு மார்ச்சில் ஜோன்சன் அறிவித்திருந்த, தடுப்புக்கட்டுடன் கூடிய பாதைகளுக்கு இதன் பின்னரே அழுத்தம் கூடியது. தேம்சு ஆற்றங்கரை வழியே செல்லும் கிழக்கு-மேற்குப் பாதை 2016ல் திறக்கப்பட்டது. வாடகை மகிழுந்து ஓட்டுநர் சங்கம் இதற்கெதிராக வழக்குத் தொடுத்துத் தோற்றது. முன்னாள் நிதியமைச்சர் நைஜல் லோசன், இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சுக்குப் பின் இலண்டனுக்கு இத்துணைக் கேடு வேறெதுவும் விளைவித்ததில்லை எனும் பொருள்பட 2015ல் பிரபுக்கள் அவையில் பேசினார்.

மிதிவண்டியில் சென்ற அரசியல்வாதிகள்

2006ல் எதிர்க்கட்சித் தலைவர் டேவிட் கேமரன் மிதிவண்டியில் நாடாளுமன்றம் செல்ல, அவருடைய கோப்புகளையும் காலணிகளையும் ஏற்றிய தானுந்து பின்னால் வந்தது செய்தியாயிற்று. 2012ல் ஆளுங்கட்சிக் கொறடா ஆண்ட்ரூ மிட்செல், டவுனிங் தெருவின் முதன்மை வாயில் வழியே மிதிவண்டியை விடக் காவலர்கள் மறுத்தபோது எழுந்த வாக்குவாதத்தால் பதவி விலக நேர்ந்தது.

2020க்குப் பின்

தலைமை அமைச்சரான ஜோன்சன் 2020 சூலையில், 2030க்குள் நகர்ப்புறப் பயணங்களில் பாதி நடையாகவோ மிதிவண்டியிலோ அமைய வேண்டும் என அறிவித்து, ஐந்தாண்டுகளுக்கு 200 கோடி பவுண்டுகளை உறுதியளித்தார். ஆனால் அவ்வாண்டு டிசம்பரிலேயே, அவருடைய கட்சியின் ஆட்சியிலிருந்த கென்சிங்டன் செல்சி மன்றம் கென்சிங்டன் உயர்சாலையில் அமைத்த தற்காலிகப் பாதையை ஏழு வாரங்களில் அகற்றியது.

2023 மார்ச்சில் அந்நிதியும் பெரிதும் வெட்டப்பட்டது. அவ்வாண்டு சூலையில் ஜோன்சன் விட்டுச்சென்ற அக்ஸ்பிரிட்ஜ் தொகுதியின் இடைத்தேர்தலில், மாசுக் கட்டண விரிவாக்கத்தை எதிர்த்து நின்ற பழமைவாதக் கட்சி 495 வாக்குகளில் வென்றது. ரிஷி சுனக் அரசு அக்டோபரில் "ஓட்டுநர்களுக்கான திட்டம்" ஒன்றை வெளியிட்டது. ஒரே கட்சி மூன்று ஆண்டுகளில் எதிர்த்திசைக்குத் திரும்பியது. 2024 சூலையில் அக்கட்சி ஆட்சியை இழந்தது.

வேல்சின் நிலை வேறானது. நடப்போருக்கும் மிதிவண்டிக்காரருக்கும் பாதை வலையமைப்புகளைத் திட்டமிடுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் அங்குள்ள உள்ளூராட்சி மன்றங்களின் கடமையாக்கியது. 2023 செப்டம்பரில் குடியிருப்புப் பகுதிகளின் வேக வரம்பு 30 மைலிலிருந்து 20 மைலாகக் குறைக்கப்பட்டபோது, எதிர்த்து எழுந்த மனுவில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். 2024ல் பொறுப்பேற்ற புதிய அமைச்சர், சில சாலைகளைப் பழைய வரம்புக்கே மாற்ற மன்றங்களுக்கு இடமளிப்பதாக அறிவித்தார்.