ஆமணக்கு எண்ணெய்: அமைப்பும் பயன்களும்

விதைக்குள் உறங்கும் இளங்கரு முளைத்துத் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் காலம் வரை அதற்கு ஆற்றல் தருவதற்காகத் தாவரம் சேமித்து வைக்கும் கொழுப்பே வித்தெண்ணெய் ஆகும். எள், நிலக்கடலை, தேங்காய், சூரியகாந்தி என எதிலிருந்து பிழிந்தாலும் அதன் அடிப்படைக் கட்டமைப்பு ஒன்றே. கிளிசரால் என்னும் சிறு மூலக்கூறுடன், கொழுப்பு அமிலங்கள் எனப்படும் நீண்ட கரிமச் சங்கிலிகள் மூன்று இணைந்த டிரைகிளிசரைடு என்னும் சேர்மமே ஏறத்தாழ எல்லா வித்தெண்ணெய்களின் பெரும்பகுதியாக அமைகிறது. சங்கிலியின் நீளமும், அதில் உள்ள இரட்டைப் பிணைப்புகளின் எண்ணிக்கையுமே எண்ணெய்களை வேறுபடுத்துகின்றன. தேங்காய் எண்ணெயில் இரட்டைப் பிணைப்பற்ற சங்கிலிகள் மிகுந்திருப்பதால் அது மார்கழிக் குளிரில் உறைந்துவிடுகிறது. சூரியகாந்தி எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் மிகுந்திருப்பதால் அது உறையாமல் நீர்மமாகவே நிற்கிறது. ஆனால் ஆமணக்கு எண்ணெயோ இந்த இரண்டு அளவுகோல்களுக்குள் அடங்காத மூன்றாவது வேறுபாடு ஒன்றைக் கொண்டது. அந்த வேறுபாடே அதை அடுப்பங்கரையிலிருந்து பெரிதும் விலக்கி, மருந்துக்கும் விளக்குக்கும் வண்டிக்கும் பின்னர் பெருந்தொழில்களுக்கும் உரியதாக்கியது.

கிழக்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டதாகக் கருதப்படும் ஆமணக்கு, வெட்டாமல் விட்டால் சிறு மரமாகவே வளரக்கூடிய செடியாகும். கைவிரல்களை விரித்தது போன்ற இலைகளுக்கு மேலே எழும் பூங்கொத்தில் ஆண்பூக்கள் கீழ்ப்பகுதியிலும் பெண்பூக்கள் மேற்பகுதியிலும் அமைகின்றன; பெண்பூக்கள் மூன்று அறைகள் கொண்ட, பெரும்பாலும் மென்முட்கள் போர்த்திய காய்களாகின்றன. ஒவ்வோர் அறையிலும் ஒரு முத்து, அதாவது விதை, இருக்கும். பளபளப்பான தோலில் பழுப்பும் சாம்பலும் கலந்த வரிகள் ஓடும் அந்த முத்தின் நுனியில் வெளிறிய சிறு சதைத் திரள் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதைத் தின்பதற்காகவே எறும்புகள் முத்தை இழுத்துச் செல்வதால், செடியின் இனம் பரவுவதற்கும் அது துணைசெய்கிறது.

முத்தின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய் ஆகும். தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் முத்தை வறுத்து, உரலில் இடித்து, மிகுதியான நீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதந்து வரும் எண்ணெயை அகப்பையால் வழித்தெடுத்து, எஞ்சிய ஈரம் சடசடத்து அடங்கும் வரை மீண்டும் காய்ச்சி எடுப்பது வழக்கம். இந்த முறையில் வேதியியல் காரணம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. முத்தில் இயல்பாக உள்ள லைப்பேஸ் என்னும் நொதி, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம், எண்ணெயைச் சிதைத்துப் புளிப்பேற்றக்கூடியது. வறுக்கும்போதும் கொதிக்கும்போதும் ஏறும் வெப்பம் அதைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. இன்றைய ஆலைகளில் அழுத்திப் பிழிவதற்கு முன் முத்தைச் சூடேற்றிப் பக்குவப்படுத்துவதும், பிழிந்த பின் பிண்ணாக்கில் எஞ்சிய எண்ணெயை ஹெக்சேன் என்னும் கரைப்பானால் கரைத்தெடுப்பதும் வழக்கமாக உள்ளன.

இனி, அந்த மூன்றாவது வேறுபாட்டைப் பார்க்கலாம். ஆமணக்கு எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் 85 முதல் 90 விழுக்காடு வரை ரிசினோலிக் அமிலம் என்னும் ஒரே அமிலமாகும். பதினெட்டுக் கரி அணுக்கள் கொண்ட இதன் சங்கிலியில் ஒன்பதாம் கரியில் ஓர் இரட்டைப் பிணைப்பும், பன்னிரண்டாம் கரியில் ஹைட்ராக்சில் தொகுதி எனப்படும் ஓர் ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன் சேர்ந்த இணையும் உள்ளன. சமையல் எண்ணெய்களின் சங்கிலிகளில் இத்தகைய தொகுதி இல்லாததால் அவற்றின் மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்கிச் செல்கின்றன. ஆமணக்கிலோ ஹைட்ராக்சில் தொகுதிகள் ஹைட்ரஜன் பிணைப்பு என்னும் மெல்லிய ஈர்ப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால், அது கடலை எண்ணெயைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு பாகுத்தன்மை பெறுகிறது. அதே காரணத்தால் அது ஆல்கஹாலில் எளிதில் கரைகிறது, பெட்ரோலிலோ எளிதில் கரைவதில்லை.

பேதி மருந்தாக அது செயல்படுவதற்கும் இந்த அமிலமே காரணம். குடித்த எண்ணெய் சிறுகுடலில் செரிக்கப்படும்போது விடுபடும் ரிசினோலிக் அமிலம், குடல் தசையில் உள்ள இ.பி.3 என்னும் ஏற்பியைத் தூண்டித் தசையைச் சுருங்கச் செய்கிறது என்பதை 2012-இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வு நிறுவியது. கருப்பையின் தசையிலும் அதே ஏற்பி இருப்பதால், கருவுற்ற பெண்கள் மருத்துவர் சொல்லாமல் இதை உட்கொள்ளக் கூடாது என்னும் எச்சரிக்கைக்கும் தெளிவான அடிப்படை உண்டு.

மருந்துக்கு வெளியிலும் இதன் ஆட்சி பரந்தது. அகல்விளக்கில் மெல்ல எரிந்து நெடுநேரம் நின்றதால் விளக்கெண்ணெய் என்றே பெயர் பெற்ற இது, வைக்கோல் கரியோடு குழைத்த மையாக மாட்டுவண்டி அச்சின் தேய்மானத்தைத் தடுத்தது. பருப்பு வேகும் பானையிலும், பூச்சி அண்டாமல் சேமிக்கும் துவரையிலும் சில துளிகளாகச் சேர்ந்தது. வண்டி அச்சில் கண்ட அதே உயவுப் பண்பு முதல் உலகப்போர்க்கால வானூர்திகளுக்கும் பயன்பட்டது. அவற்றில் பல, உருளைகளே சுழலும் எந்திரங்களைக் கொண்டிருந்தன. அவற்றுள் பெட்ரோலும் உயவெண்ணெயும் ஒரே அறை வழியே சென்றதால், பெட்ரோலில் கரைந்து நீர்த்துவிடாத எண்ணெய் தேவைப்பட்டது, அதற்கு ஆமணக்கு பொருந்தியது. 1909-இல் இங்கிலாந்தில் அறிமுகமான காஸ்ட்ரால் என்னும் உயவெண்ணெயின் பெயரும் ஆமணக்கு எண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்தே பிறந்தது. இன்றும், ஆமணக்கு எண்ணெயில் ஹைட்ரஜனைச் சேர்த்துக் கெட்டியாக்கி, அதிலிருந்து பெறும் அமிலத்தை லித்தியத்துடன் இணைத்துச் செய்த சோப்பே, உலகில் மிகுதியாகப் பயன்படும் கிரீஸ் வகையைத் தாங்கி நிற்கிறது.

தொழில்துறைக்கு ஹைட்ராக்சில் தொகுதி ஒரு பிடியாக உதவுகிறது. அந்த இடத்தில் வேதிவினை நிகழ்த்தி, ஒரே எண்ணெயிலிருந்து பல பொருள்களை ஆக்க முடிகிறது. கந்தக அமிலத்துடன் வினைபுரியவிட்டால், 1870-களிலிருந்து பருத்தித் துணிக்குச் சிவப்புச் சாயம் ஏற்ற உதவிய, நீரில் கலக்கும் எண்ணெய் கிடைக்கிறது. ஹைட்ராக்சில் தொகுதியை நீராக வெளியேற்றினால், காற்றில் உலர்ந்து படலமாகும் வண்ணப்பூச்சு எண்ணெய் உருவாகிறது. எண்ணெயை மெத்தனாலுடன் சேர்த்துப் பின் கடும் வெப்பத்தில் பிளந்தால் பதினொரு கரி அணுக்கள் கொண்ட துண்டு ஒன்று பிரிகிறது. 1940-களில் பிரான்சில் அதிலிருந்து ஆக்கப்பட்ட நைலான் 11, எரிபொருளையும் அழுத்தக் காற்றையும் சுமக்கும் வாகனக் குழாய்களாக இன்றும் செய்யப்படுகிறது.

இத்தனை பயன்களுக்கும் மூலமான முத்திலேயே கொடிய நஞ்சும் இருக்கிறது. 1888-இல் பீட்டர் ஹெர்மன் ஸ்டில்மார்க் பிரித்தறிந்து ரிசின் எனப் பெயரிட்ட இந்தப் புரதம், உயிரணுவில் புரதம் உருவாகும் இடமான ரைபோசோமைச் சிதைத்து அந்த உயிரணுவைக் கொல்கிறது. அது எண்ணெயில் கரையாமல் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுவதால் முறையாக எடுத்த எண்ணெயில் ஆபத்தில்லை; பிண்ணாக்கோ தழைச்சத்து மிகுந்த நல்ல உரமாயினும், நஞ்சு நீக்காமல் மாட்டுக்கு வைக்கத் தகாதது.

உலகின் ஆமணக்கு விளைச்சலில் பெரும்பங்கு இந்தியாவுடையது, அதிலும் பெரும்பங்கு குஜராத்துடையது. 1968-இல் அங்கு வெளியிடப்பட்ட ஜி.சி.எச். 3 என்னும் கலப்பின வகையே அந்த வளர்ச்சிக்குத் தொடக்கமாக அமைந்தது. தமிழ்நாட்டில் மானாவாரி நிலங்களிலும் கடலை வயல்களின் ஓரங்களிலும் இது விளைகிறது; சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இதற்கும் மரவள்ளிக்குமாக இயங்கி, ஒய்.ஆர்.சி.எச். 1 போன்ற கலப்பின வகைகளைத் தந்துள்ளது. ஆயினும் இந்திய எண்ணெயின் கணிசமான பகுதி எண்ணெயாகவே கப்பலேறி, அயல்நாட்டு ஆலைகளில் கிரீஸாகவும் நைலானாகவும் மாறிப் பன்மடங்கு விலை பெறுகிறது. வறண்ட மண்ணில் விளையும் இந்த முத்தின் மதிப்பு அதன் பன்னிரண்டாம் கரியில் இருக்கிறது. அந்தக் கரியில் செய்ய வேண்டிய வேலை விளைந்த நாட்டிலேயே நடந்தால்தான், முத்தை விளைவித்த உழவருக்கும் அந்த மதிப்பில் நியாயமான பங்கு கிடைக்க வழி பிறக்கும்.