கோவளக் கடற்றுறை

தாம்பரத்திற்குத் தென்கிழக்கே கடலோரத்திலுள்ள கோவளத்தை விடுமுறை நாட்களிற் கண்டு வருவோர் நம்முட் பலர். அஃது ஒருகாலத்தில் ஐரோப்பியர் போட்டியிட்ட துறை என்பதை அறிந்தோர் சிலரே. 1722-ல் ஆஸ்திரியச் சக்கரவர்த்தியிடம் சாசனம் பெற்ற ஆஸ்டெண்டுக் கம்பெனியார் அங்கே பண்டகசாலை வைத்திருந்தனர். அக்கம்பெனி 1731-ல் ஒழிந்தது. பின்னர் நவாப் அன்வருத்தீன் அங்குக் கோட்டை கட்டுவித்தார். அதனைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். 1752-ல் கிளைவு அவர்களை வென்றபின் கோட்டை தகர்க்கப்பட்டது. எஞ்சியது மீனவர் குப்பமே.

நலிந்த கடற்கரை நகரைச் சூதினால் உயிர்ப்பிக்க முயன்றோரும் உளர். அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் 1978-ல் முதற் சூதாட்ட மாளிகை திறக்கப்பட்டது. அண்டை மாகாணங்களும் அவ்வழியே செல்லவே, வருவோர் குறைந்தனர். 2014-ல் மட்டும் நான்கு மாளிகைகள் மூடப்பட்டன. தருமபுத்திரர் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பில்லை.

கோவளத்திற்கோ வேறு வழி வாய்த்தது. அலையின் போக்கை இளமை முதலே அறிந்த மீனவ இளைஞர், பலகைமேல் நின்று அலைச்சறுக்கப் பழகினர்; பிறர்க்குக் கற்பித்துப் பொருளும் ஈட்டலாயினர். 2013-ல் அங்கு அலைச்சறுக்குத் திருவிழா தொடங்கிற்று. நீரின் தூய்மை, குளிப்போர் பாதுகாப்பு முதலியவற்றை ஆராய்ந்து அளிக்கப்படும் நீலக்கொடிச் சான்றினை 2021-ல் அக்கடற்கரை பெற்றது.

ஆயினும் ஓர் ஐயம் நம்மை வருத்துகின்றது. கரை அழகுபெற அழகுபெற நிலத்தின் விலை ஏறும். படகேற்றவும் வலையுலர்த்தவும் மீனவர்க்கு மணற்பரப்பு வேண்டுமன்றோ? அதனை முதலில் அவர்களுக்கென எல்லையிட்டு ஒதுக்கிய பின்னரே புதிய விடுதிகளுக்கு இடந்தருதல் தகும் என்பது நம் கருத்து.