நீர்ப்பறவைக் குஞ்சுகளும் காமிராவும்

பக்ஷிகளைப் படம் பிடிப்பதில் நம் வாலிபர்களுக்கு ஏற்பட்டிருக்கும் உற்சாகத்தை நாம் மனமார வரவேற்கிறோம். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போவதே பெரிய மனிதருக்கு அழகு என்றிருந்த காலம் ஒன்றுண்டு. ஆனால் இவர்கள் கொண்டுவரும் படங்களில் பெரும்பாலானவை கொக்கு நின்றது, நாரை பறந்தது என்ற அளவோடு முடிந்துவிடுகின்றன. ஒரு குஞ்சு தன் பெற்றோரிடம் வாரந்தோறும் வளர்ந்து வருவதை வரிசையாகக் காட்டும் படங்கள் அரிது. நாம் வேண்டுவது அவையே.

முக்குளிப்பானை எடுத்துக்கொள்வோம். நம் குளங்களில் எவரும் காணக்கூடிய சிறிய பக்ஷி. தலையில் வரிகளையுடைய அதன் குஞ்சுகள் பெற்றோரின் முதுகிலேறி, இறகுகளுக்குள் புதைந்து, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு சவாரி செய்கின்றன. நீளவால் இலைக்கோழியிடமோ, அடைகாப்பதும் குஞ்சுகளைப் பராமரிப்பதும் தந்தையின் பொறுப்பு. தாய் வேறொரு ஆணைத் தேடிப் போய்விடும். (ஸ்திரீ தர்மத்தைப் பற்றி மேடைதோறும் பிரசங்கிக்கும் நண்பர்கள் இதைக் காணாதிருப்பதே நலம்.) நத்தைகுத்தி நாரையின் அலகுக்கு நடுவே இடைவெளி இருப்பதைப் பலர் அறிவர். குஞ்சின் அலகில் அவ்விடைவெளி கிடையாது. வயது ஏறவே அது தோன்றுகிறது. பத்துப் பக்கம் எழுதி விளக்குவதை நாலு படங்கள் காட்டிவிடும்.

இத்தகைய படம் சாக்ஷியமாகவும் நிற்கும். நாணற்காட்டில் மறைந்து வாழும் பிட்டர்ன் என்ற குருகினம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் குஞ்சு பொரிப்பது அற்றுப்போயிற்று. 1911-ல் நார்போக் பிரதேசத்தில் எம்மா டர்னர் என்ற மாது அதன் குஞ்சொன்றைப் படம் பிடித்தார். அவ்வினம் திரும்பி வந்து கூடு கட்டியது என்பதற்கு அதைவிட வேறு ருசு வேண்டியதில்லை.

ஆசை மிகுந்து கூட்டை நெருங்குவோரிடந்தான் நமக்கு வழக்கு. வேடந்தாங்கல் ஏரி மழையில் நிரம்பியபின், நீரில் நிற்கும் மரங்களின் உச்சியில் நாரைகள் கூடு கட்டுகின்றன. அங்கே நிழல் ஏது? இறகு முளையாத குஞ்சுக்கு உச்சிவெயிலே யமன். ஆகவே தாயோ தந்தையோ சிறகை விரித்துக் குடைபோல் நிற்கிறது. அலகில் நீர் கொணர்ந்து குஞ்சுகளின்மேல் சொரிவதும் உண்டு. நீரில் இறங்கியோ, டிரோனைப் பறக்கவிட்டோ ஒருவர் நெருங்கினால் பெற்றோர் வெருண்டு எழும். அந்தச் சிறிது நேரம் வெயிலுக்கும் காக்கைக்கும் போதும். குஞ்சு வாய் பிளந்திருக்கும் படத்தைப் பார்த்து, பசிக்கு அழுகிறது என்று நாம் மகிழ்கிறோம்; பல சமயங்களில் அது உஷ்ணம் தாளாத இளைப்பு.

சட்டமும் இதைச் சும்மா விடவில்லை. 1972-ம் வருஷத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதையும் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள் அடக்கியிருக்கிறது. துப்பாக்கிக்காரருக்கும் இவருக்கும் சட்டத்தின் கண்ணில் பெயர் ஒன்றுதான்.

வேடந்தாங்கல் குடியானவர்களுக்கு இச்சட்டம் வேண்டியிருக்கவில்லை. பக்ஷிகளைக் காக்கும் தங்கள் உரிமைக்கு 1798-லேயே செங்கற்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் அவர்கள் உத்தரவு பெற்றார்கள். எச்சம் கலந்த ஏரிநீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாக அவர்கள் காத்ததனாலேயே, கரையில் மனிதர் நடமாடினும் நாரைகள் அஞ்சுவதில்லை. படம் பிடிப்போர் அக்கரையிலேயே நிற்கட்டும். தூரத்தை எட்டும் லென்ஸ் இருக்கிறது. குறித்த ஒரு மரத்தை வாரம் ஒருமுறை வந்து பார்க்கப் பொறுமையும் இருந்தால் போதும்.

பெற்றோர் விட்டோடிய கூட்டின் படங்களுக்குப் பரிசளிப்பதைப் போட்டி நடத்துவோர் நிறுத்த வேண்டும். நமது பத்திரிகையில் இனி அவற்றுக்கு இடமில்லை.